பதினேழாம் நம்பர் ஸ்பிரிங்

செப்டம்பர் 3

நோட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்: பெயர், வகுப்பு, பிரிவு. பெயர்: மாடத்தி. வகுப்பு: இரண்டாம் நிலைக் காவலர். பிரிவு: மாவட்ட ஆயுதப்படை, ஆயுதக் கிடங்கு.

கிடங்கு ரிஜிஸ்டரில் எழுத எனக்கு அனுமதி இல்லை. அதற்கு ஏட்டையா இருக்கிறார். அதனால்தான் இந்த நோட்டு. இருநூறு பக்கம், அட்டையில் மயில்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள் என்று என்னை இங்கே போட்டார்கள். என்னோடு சேர்ந்த பெண்கள் எல்லாம் மந்திரி வரும் சாலையில் எட்டு மணி நேரம் ஒன்றுக்குப் போக இடமில்லாமல் நிற்கிறார்கள். எனக்கு ஒரு அறை, ஒரு மேசை, ஒரு ஜன்னல். பத்து மணிக்கு ஜன்னல் கம்பிக்குள் வெயில் நுழையும். பதினோரு மணிக்கு ரைஃபிள் ரேக்குகளைத் தடவிக்கொண்டு போகும். பன்னிரண்டுக்கு பிஸ்டல் பெட்டிமேல் ஏறி உட்காரும். அப்போது எண்ணெய் வாசனை கிளம்பும், கண் சொக்கும். கண்ணைத் திறந்துகொண்டே ஏதாவது ஒரு கனவு வரும். நேற்று முப்பத்திரண்டு பிஸ்டல்களும் மூச்சு விட்டன.

நேற்று ஃபயரிங் பயிற்சி. 640 தோட்டா எடுத்துப் போனால் 640 வெற்றுக் கூடு திரும்பி வரவேண்டும். பொறுக்குவது என் வேலை. 639 கிடைத்தது. கடைசி ஒன்று இன்ஸ்பெக்டர் அய்யாவின் ஷூவுக்கு அடியில் இருந்தது. காலைத் தூக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அரை மணி நேரம் அவரைச் சுற்றி நின்றோம். அவர் போன் பேசி முடித்துத் தானாக எழுந்தார்.

ஒன்று கவனித்தேன். மற்ற பிஸ்டல்களின் கூடு சுடுகிறவருக்கு நாலடி தள்ளி விழுகிறது. ஒன்றின் கூடு மட்டும் எட்டு, ஒன்பது அடி தள்ளிப் போய் விழுகிறது. கைப்பிடியில் எண் பார்த்தேன். பட் நம்பர் 17.

செப்டம்பர் 5

திருப்பி அனுப்புவதற்கு முன்னால் கூடுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிஸ்டலும் தோட்டாவின் பின்பக்கத்தில் தனக்கென்று ஒரு குத்து வைக்கும். பதினேழின் குத்து கொஞ்சம் ஓரமாக, பிறை மாதிரி இருக்கும். மேசை முழுக்கப் பிறைகள். எண்ணினேன். 160.

ஏட்டையா சங்கிலிமுத்து வந்து நின்றார். "என்ன தாயி, புளியங்கொட்ட வச்சு ஆடுதியா?"

"எந்தத் துப்பாக்கி எத்தன சுட்டுச்சுன்னு பாக்கேன் ஏட்டையா."

"அதான் ரிஜிஸ்டர்ல இருக்கே. தலைக்கு இருபது."

"பதினேழு மட்டும் நூத்தி அறுபது சுட்டிருக்கு."

"எல்லாப் பயலும் அதத்தான் கேப்பான். கைக்கு அடக்கமா இருக்கும், குறி தப்பாது. வாங்குனவன் இறக்க மாட்டான்."

"அப்ப ஏன் தலைக்கு இருபதுன்னு எழுதுதீங்க?"

"அறுநூத்தி நாப்பத முப்பத்திரண்டால வகுத்துப் பாரு. மீதி வராது. ஆடிட்டுக்கு மீதி வரப்படாது."

பதினொரு வருடமாக, வருடத்துக்கு நாலு பயிற்சி, இப்படித்தான் வகுத்து எழுதியிருக்கிறார்கள். ரிஜிஸ்டர் கணக்கில் பதினேழு சுட்டது 880. நான் பெருக்கிப் பார்த்தேன். ஏழாயிரம் தாண்டுகிறது.

இதில் என்ன என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக எழுதிவைக்கிறேன். சுட்டதும் பிஸ்டலின் மேல்பகுதி, ஸ்லைடு, பின்னால் பாயும். வெற்றுக் கூட்டை எறியும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்தான் அதை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து அடுத்த தோட்டாவை ஏற்றி மூட வேண்டும். ஸ்பிரிங் சோர்ந்துபோனால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் அடிக்கும், கூடு தூரப் போய் விழும். அப்புறம் ஒரு நாள் ஸ்லைடு முழுசாக மூடாது. மூடாவிட்டால் விசையை இழுத்தாலும் வெடிக்காது. கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறான்: நாலாயிரம் சுட்டால் ஸ்பிரிங்கை மாற்று.

மூன்று மணிக்கு மரியசூசை வந்து பதினேழை வாங்கிக்கொண்டு போனார். அது அவருக்குத்தான் ஒதுக்கியிருக்கிறது. வேப்பங்கரட்டுக் கொலை வழக்கின் சாட்சி பேச்சியக்காவுக்குப் பாதுகாப்பு அவர்தான்.

செப்டம்பர் 8

ஞாயிறு. யூனிஃபார்ம் துவைத்தேன். கொடியில் அது காற்றில் யாரோ நடந்து போவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 12

வியாழக்கிழமைகளில் வெளியே இருக்கிற ஆயுதங்கள் எண்ணெய் போட உள்ளே வரும். சூசை வந்தார். பதினேழை வாங்கி, தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, குழலை மேலே தூக்கிப் பிடித்தேன். ஸ்லைடை முழுக்க இழுத்து, விடாமல், கையோடு மெதுவாக மேலே போகவிட்டேன். நல்ல ஸ்பிரிங் என்றால் கடைசிவரை தானே தள்ளி மூடும். இது ஒரு நகத்தளவு பாக்கி வைத்து நின்றுவிட்டது. மேலே ஏறமாட்டேன் என்று மூச்சுவாங்கி நிற்கிற மாதிரி.

ஒன்றாம் நம்பரையும் திறந்தேன். அது பெரிய அதிகாரிக்கு என்று ஒதுக்கி வைத்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை. அதிகாரி மாறுவார், துப்பாக்கி மாறாது. பதினொரு வருடத்தில் ஒரு தோட்டா சுடவில்லை, ரிஜிஸ்டரில் மட்டும் 880 சுட்டிருக்கிறது. இரண்டு ஸ்பிரிங்குகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பதினேழு மூன்று சுற்று குட்டை.

"என்ன, பெண்ணு மாப்பிள்ளைக்கு உயரப் பொருத்தமா?" என்றார் சூசை.

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க."

ஏட்டையா ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏ பிள்ள, என்னைய ஏட்டையாங்குத. மத்த எல்லாப் பயலையும் அண்ணேங்குத. இவன மட்டும் ஏங்கங்குத."

சூசை ஜன்னலைப் பார்த்தார். மூன்று வருட சீனியர் அவர். அண்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் என்று எதுவும் இல்லை.

வேப்பங்கரட்டுக் கதையை அவர்தான் சொன்னார். கண்மாய் மீன் ஏலத்தைக் காலனிக்காரன் ஒருவன் முதல்முறையாக எடுத்தான். அதற்காக அவனைக் கண்மாய்க்கரையில் வைத்து வெட்டினார்கள். பேச்சியக்கா அவன் பெண்டாட்டி. நின்று பார்த்த ஒரே ஆள். அக்டோபர் 22 சாட்சி. குற்றவாளிகள் ஜாமீனில் வெளியே வந்து மூன்று காரில் சுற்றுகிறார்கள். பேச்சியக்காவும் சூசையும் டவுன் பஸ்ஸில் போகிறார்கள். ஒரு சாட்சி, ஒரு காவலர், ஒரு பிஸ்டல். அந்தப் பிஸ்டலின் ஸ்பிரிங் செத்துக்கொண்டிருக்கிறது.

"சில்லறைக்குக் கண்டக்டர்கிட்ட சண்ட போட்டு முடிக்கறதுக்குள்ள ஸ்டாப் வந்துருது" என்று சிரிக்கிறார். மேல்வரிசைப் பல் ஒன்று லேசாக உள்ளே போயிருக்கிறது. தேவையில்லாத விவரம்.

செப்டம்பர் 19

இன்ஸ்பெக்டர் அய்யா அறை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழனி முருகன், அவருக்குப் பக்கத்தில் மே மாதத்தில் வட்டம் போட்ட காலண்டர். மே மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட்.

"அய்யா, பதினேழுக்கு ரீகாயில் ஸ்பிரிங் மாத்தணும். புதுசு கேட்டு எழுதணும்."

"எத்தன சுட்டிருக்கு?"

"ஏழாயிரத்துக்கு மேலய்யா."

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "எண்ணூத்தி எண்பது. நாலாயிரத்துக்குத்தான் மாத்தணும். எழுதுனா தலைமையிடத்துல திருப்பி அனுப்புவான்."

"ரிஜிஸ்டர் தப்புய்யா. வகுத்து எழுதியிருக்கு."

"தெரியுமே. நான் வாரதுக்கு முன்னாலருந்தே அப்படித்தான். இப்ப சரியாக் கணக்கு எழுதுனா பதினொரு வருஷத்துக்கு யார் கையெழுத்துன்னு கேப்பான். எத்தன பேருக்கு மெமோ தெரியுமா? அதுல ஏழு பேரு செத்தே போயிட்டான். செத்தவனுக்கு மெமோ குடுப்பியா?"

"அப்ப சூசைக்கு வேற துப்பாக்கி குடுங்கய்யா."

"ஆர்டர்ல பட் நம்பரோட இருக்கு. மாத்தணும்னா காரணம் எழுதணும். என்ன காரணம் எழுத?"

ரிஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினார்.

"ஃபிட்டர் படிச்ச பிள்ள. கொஞ்சம் எண்ணெய் போட்டு ஓட்டும்மா."

ஃபிட்டர் படித்ததால்தான் தெரியும், எண்ணெய் இரும்புக்கு வயதைத் திருப்பித் தராது. மந்திரி வீட்டுக் காவலுக்குப் போன மாதம் புதுத் துப்பாக்கிகள் பெட்டியோடு வந்து இறங்கின. மீன் பிடித்தவன் பெண்டாட்டிக்கு எண்ணெய்.

செப்டம்பர் 20

மத்தியானம் மேசையிலேயே தூங்கிவிட்டேன். பெரிய ஸ்பிரிங் ஒன்று, எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் சுருள் படிக்கட்டு மாதிரி. நான் ஏறிக்கொண்டிருக்கிறேன். நான் ஏற ஏற அது அமுங்கிக்கொண்டே போகிறது. எவ்வளவு ஏறினாலும் தரையிலேயே இருக்கிறேன். மேலே யாரோ கை நீட்டினார்கள். முகம் தெரியவில்லை. வாட்ச் தெரிந்தது. கறுப்பு வார்.

செப்டம்பர் 26

சூசை இன்று பேச்சியக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தனியாக விட்டுவர முடியாதே. வெளியே வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்தோம். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியிலிருந்து கொய்யாப்பழம் எடுத்து எனக்கு ஒன்று தந்தது.

"இதானா ஒங்க துப்பாக்கி வீடு? எங்க ஊரு ரேஷன் கடை மாதிரி இருக்கு. அங்கயும் இப்படித்தான் கம்பி போட்டு, உள்ள இருக்கறத இல்லம்பான்."

சூசை பதினேழை என் கையில் தந்தார். "சில நேரம் மூடாம நிக்குது. ஒண்ணுமில்ல, கட்டவிரலால பின்னாலருந்து ஒரு தட்டு தட்டுனா மூடிரும். பழகிட்டேன்."

"பழகிட்டீங்களா? வெட்ட வாரவன் நீங்க தட்டுற வரைக்கும் நிப்பானா?"

"எதுக்கு இப்படிக் கத்துற? பயிற்சியில தவிர நான் இதுவரைக்கும் ஒரு தடவகூடச் சுட்டதில்ல. சுட வேண்டியும் வராது."

"வராதுன்னு ஒங்ககிட்ட எழுதிக் குடுத்தாங்களா?"

ஸ்பிரிங் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேச்சியக்கா காதுல போட்டுராத" என்றார்.

போகும்போது பேச்சியக்கா என் கையைப் பிடித்தது. "தாயி, நீதான இதயெல்லாம் துடச்சு வைக்கறவ? இந்தத் தம்பி துப்பாக்கி நல்லா வெடிக்குமா?"

"வெடிக்கும்க்கா."

கொய்யாவை அப்படியே வைத்திருக்கிறேன். சாப்பிட முடியவில்லை. சூசை கைக்குட்டையை மேசையில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த வியாழன் கொடுத்துவிடலாம்.

அக்டோபர் 3

கொடுக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 10

நாளை ஆயுத பூஜை. வெளியே இருக்கிற எல்லா ஆயுதமும் இன்று மாலைக்குள் உள்ளே வந்து, நாளை மாலைவரை இங்கேதான் இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் மாவட்டத்தில் பாதுகாப்பில் இருப்பவர்கள் எல்லாருக்கும் லத்திதான். சட்டத்தில் எங்கும் இல்லாத பழக்கம். சாமிக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள் போல.

சூசை பதினேழை வைத்துவிட்டுப் போனார். வெறும் இடுப்போடு நடந்து போகும்போது கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தது.

அக்டோபர் 11

ஒன்றாம் நம்பரை நடுவில் வைத்து, சிவப்புப் பட்டு விரித்து, மற்ற பிஸ்டல்களைச் சுற்றி அடுக்கினார்கள். ரைஃபிள்களுக்குச் சாமந்தி. ஐயர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். குழாய்க்குள் பொடி போகும், துடைக்க ரெண்டு நாளாகும் என்று போன வருடமே சொன்னேன். "துப்பாக்கிக்கும் சாமிக்கும் நடுவுல நீ யாரு?" என்றார் ஏட்டையா.

சாம்பிராணிப் புகை ஜன்னல் வெயிலில் நின்று பால்போல் சுற்றியது. புகைக்குள் துப்பாக்கிகள் எல்லாம் நெற்றியில் பொட்டோடு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தன. எது எத்தனை சுட்டது என்று அந்த வெளிச்சத்தில் சொல்லவே முடியாது. இன்ஸ்பெக்டர் அய்யா பூசணிக்காய் உடைத்தார். பொரி, சுண்டல், ஒரு வாழைப்பழம்.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் மைதானத்துப் பந்திக்குப் போய்விட்டார்கள். குங்குமத்தைத் துடைக்க நான் மட்டும் இருந்தேன். வெயில் பிஸ்டல்களின்மேல் உட்கார்ந்திருந்தது. முதலில் ஒன்றாம் நம்பரைத் திறந்தேன். பிறகு அதை மூடாமலே பதினேழைத் திறந்தேன். இரண்டும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வெகுநேரம் திறந்து கிடந்தன. வெளியே பாயசத்துக்குக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றேன். இரண்டையும் மூடினேன்.

பதினேழின் குழலைத் தூக்கிப் பிடித்து ஸ்லைடைக் கையோடு விட்டேன். கடைசிவரை தானே போய், சின்னதாக ஒரு சத்தத்தோடு மூடியது. அதையே ஏழு தடவை கேட்டேன்.

பொரி நன்றாக இருந்தது.

அக்டோபர் 17

எண்ணெய் போட வந்தார். "இப்ப தட்ட வேண்டியே இல்லயே" என்றார்.

"வேல செஞ்சா நல்லாத்தான் இருக்கும்."

கைக்குட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "துப்பாக்கி எண்ணெய் வாசம் வருது" என்றார். அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது குறையா பாராட்டா என்று யோசித்தேன்.

அக்டோபர் 22

சாயங்காலம் நாலே முக்காலுக்கு வயர்லெஸ்ஸில் வந்தது. கோர்ட் வாசல் பஸ் நிறுத்தம். அரிவாள். ஒரு காவலர் காயம். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமலே தெரியும், மாவட்டத்தில் அந்த நிறுத்தத்தில் நின்றது ஒரே காவலர்தான்.

பெட்டியில் இருந்த பிஸ்டல்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதினேழின் குழி காலியாக இருந்தது.

அக்டோபர் 23

அரசு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. கட்டில் இருபத்தாறு. இடது முழங்கைக்குக் கீழே பதினொரு தையல். உயிரோடு இருக்கிறார். பேச்சியக்கா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தது.

"வா தாயி. இந்தத் தம்பி எனக்கு விழ வேண்டிய வெட்டக் கையக் குடுத்து வாங்கிட்டான்."

"சாட்சி சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டுத்தான வெளிய வந்தேன். அஞ்சு பேரயும் வெரல நீட்டிக் காட்டுனேன். வக்கீலு, எவ்வளவு தூரத்துலருந்து பாத்தன்னு கேட்டான். எங்க வீட்டுக்காரர் ரத்தம் என் கால்ல தெறிச்ச தூரத்துலருந்துன்னேன்." சொல்லிவிட்டுக் கஞ்சியை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

பேச்சியக்கா டம்ளர் கழுவப் போனபோது சூசை மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேரு, பைக்கில. மொதல்ல மேல பாத்து ஒண்ணு சுட்டேன். ஒருத்தன் ஓடிட்டான். இன்னொருத்தன் அதுக்குள்ள வந்துட்டான். இந்தக் கையில வெட்டு விழுந்துச்சு. அந்தக் கையால அவன் கால்ல சுட்டேன்."

நான் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதக் குண்டுக்கப்புறம் மூடலன்னா முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கட்டவிரல தூக்கக்கூட இல்ல. டக்குன்னு மூடிக்கிச்சு. மாடத்தி, என்ன செஞ்ச?"

"எண்ணெய் போட்டேன்."

அவர் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தப் பல்.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன். பஸ் ஆகாயத்தில் போனது. கண்டக்டர் யாரிடமும் சில்லறை கேட்கவில்லை.

அக்டோபர் 26

இன்ஸ்பெக்டர் அய்யா எல்லாரையும் கூப்பிட்டு மேலே அனுப்பிய அறிக்கையைப் படித்துக் காட்டினார். "பட் நம்பர் 17 பிஸ்டல் பதிவேட்டின்படி 880 ரவுண்டு சுட்டது, சம்பவத்தில் இரண்டு ரவுண்டும் தடையின்றிச் சுட்டது. ஆயுதப் பராமரிப்பும் பதிவேடும் திருப்திகரம்."

பிறகு என்னைப் பார்த்தார். "பாத்தியாம்மா? பழைய ஸ்பிரிங்கே எப்படி அடிச்சிருக்கு! புதுசு கேட்டு எழுதியிருந்தா அசிங்கமாயிருக்கும்."

ஏட்டையா ரிஜிஸ்டரில் 882 என்று எழுதினார். இந்தப் பதிவேட்டில் பதினேழுக்கு நேராக எழுதிய முதல் உண்மையான எண் அந்த இரண்டுதான். அதைப் பொய்யின்மேல் கூட்டினார்கள்.

வாயைத் திறந்திருக்க வேண்டும். கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

அக்டோபர் 28

பேச்சியக்காவுக்குப் பாதுகாப்பைக் கூட்டியிருக்கிறார்கள். சூசை கை ஆறும்வரை வேறு ஆள், கூடவே ஒரு பெண் காவலர். ரூபாவதி. பயிற்சி முடித்து நாலு மாதம் ஆகிறது. ஓடி வந்தாள்.

"அக்கா! எனக்கு என்ன துப்பாக்கி தெரியுமா? ஒண்ணாம் நம்பர்!"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"பேப்பர்ல படம் போடுவாங்களாம். பளபளன்னு இருக்கணும், அதையே குடுன்னு பெரிய அய்யாவே சொல்லிட்டாராம். யாரும் சுடாத துப்பாக்கியாம்க்கா! புதன்கெழமை வந்து வாங்கிக்கச் சொன்னாங்க."

கம்பிக்கு வெளியிலிருந்து பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்த அதே துப்பாக்கி. அதற்குள்ளே ஏழாயிரம் சுட்ட ஸ்பிரிங்.

அக்டோபர் 29

வேலை முடிந்ததும் ஒன்றாம் நம்பரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நகத்தளவு பாக்கி. நான் செய்ததுதான். அன்றைக்கு எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்: அக்டோபர் 11 அன்று ஒன்றின் ஸ்பிரிங்கை எடுத்துப் பதினேழில் போட்டேன். பதினேழின் ஸ்பிரிங்கை ஒன்றில் போட்டேன். அது யார் இடுப்புக்கும் போகாது என்று நினைத்தேன். பெரியவர்கள் துப்பாக்கி பெட்டியிலேயே தூங்கும் என்று நினைத்தேன். அவர்களுக்குத் தேவைப்பட்டால் ஒரு மாலையிலேயே அது சின்னவர்கள் கைக்கு வந்துவிடும் என்பதை யோசிக்கவில்லை.

மறுபடியும் மாற்றிவிடலாம். கூடு எண்ணியதில் ஒன்பதாம் நம்பர் போன பயிற்சியில் ஆறுதான் சுட்டது. அதன் ஸ்பிரிங்கை ஒன்றில் போட்டால் ரூபாவதி பிழைப்பாள். ஒன்பது யாருக்குப் போகும்? அடுத்து வருகிற ஏதோ ஒரு சாட்சிக்கு, ஏதோ ஒரு பேச்சிக்கு. அப்போது அதிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட வேண்டும். முப்பத்திரண்டு துப்பாக்கிக்கு முப்பத்தொரு நல்ல ஸ்பிரிங். ஒருவர் இடுப்பில் அந்தச் செத்தது இருந்துகொண்டே இருக்கும். யார் இடுப்பு என்று இந்த மேசையில் உட்கார்ந்து நான் முடிவு செய்துகொண்டே இருப்பேன். அவர்கள் வகுத்து எழுதினார்கள். நான் எழுதாமல் மாற்றுவேன். வேறு வித்தியாசம் இல்லை.

அக்டோபர் 30

பத்து மணி. போட்டோ எடுக்கிறவர் வந்துவிட்டார். ரூபாவதி யூனிஃபார்மை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தாள். ஏட்டையா சாப்பாட்டுப் பை வைக்க உள்ளே போயிருந்தார். ரிஜிஸ்டரை என் பக்கம் இழுத்தேன். சிவப்பு மையில் எழுதினேன்.

"பட் நம்பர் 1. ஸ்பிரிங் பழுது. வெளியே கொடுக்கத் தகுதியில்லை. மாடத்தி, இரண்டாம் நிலைக் காவலர்." நேரம் போட்டேன்.

ஏட்டையா திரும்பி வந்து பார்த்தார். "ஏ பிள்ள! ரிஜிஸ்டர்ல நீ எழுதலாமா? என்ன காரியம் பண்ணிட்ட!"

இன்ஸ்பெக்டர் அய்யா வந்தார். ஒன்றாம் நம்பரை வாங்கி, நான் சொன்னபடி தூக்கிப் பிடித்து, மெதுவாக விட்டார். நின்றது. மறுபடி செய்தார். நின்றது. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"சுடாத துப்பாக்கிக்கு எப்படிம்மா?"

சொன்னேன். ஏட்டையா, ரூபாவதி, போட்டோகிராபர் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்.

"அரசாங்கத் துப்பாக்கிய நீயா பிரிச்சு நீயா மாத்துனியா? வேல போயிரும், தெரியும்லா?"

"தெரியும்யா."

"பதினேழு ஏழாயிரம் சுட்டுச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"கூடு எண்ணி எழுதியிருக்கேன்யா. நோட்டு இருக்கு."

"என்ன நோட்டு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திங்கக்கெழமை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வாராரு. அந்த நோட்ட அவர்கிட்ட ஒப்படைக்கணும். அதுவரைக்கும் கிடங்குப் பக்கம் வராத."

ரூபாவதிக்கு ஒன்பதாம் நம்பர் கொடுக்கச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. போகும்முன் நானே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கடைசிவரை போய் மூடியது. அவள் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். படம் எடுக்கவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. ஊர் முழுக்க வெடிக்கிறது. எல்லாம் ஒழுங்காக வெடிக்கிறது.

நவம்பர் 3

ஞாயிறு. நாளை பத்து மணி.

மத்தியானம் ஏட்டையா வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்றார். "அந்த நோட்டுல என் பேரும் இருக்கா தாயி?"

"இருக்கு ஏட்டையா."

"புளியங்கொட்டன்னு சொன்னதுமா?"

"அதுவும்."

படியில் இறங்கித் திரும்பினார். "முப்பத்திரண்டுக்கும் புதுசு கேட்டு எழுதிருவாங்கல்லா?"

"எழுதித்தான் ஆகணும்."

"அப்ப சரி." போய்விட்டார்.

அவர் போனதும் நோட்டைப் புரட்டினேன். விசாரணைக்குத் தேவையான பக்கங்கள் ஐந்தாறு இருக்கும். தேவையில்லாதவைதான் அதிகம். கொடியில் ஆடிய யூனிஃபார்ம். கறுப்பு வார் வாட்ச். உள்ளே போன பல். கைக்குட்டை. ஏங்க. விசாரணையில் ஆதாரத்தை உரக்கப் படிப்பார்கள், எழுதியவள் முன்னால், சம்பந்தப்பட்டவர்கள் முன்னால். பதினேழை வைத்திருந்த காவலர் என்று சூசையையும் கூப்பிடுவார்கள். கட்டுப் போட்ட கையோடு வந்து உட்காருவார்.

கத்தரிக்கோலை எடுத்தேன். செப்டம்பர் 8 பக்கத்தைப் பிடித்தேன். ஒரு பக்கம் போனாலும் நாளைக்குக் கேட்பார்கள்: அதில் என்ன எண்ணிக்கை இருந்தது? எதை மறைத்தாய்? ஒரு பொய் எண்ணைக் காட்டிக்கொடுக்கப் போகிற நோட்டு இது. பக்கம் குறைந்தால் இதுவும் அந்த ரிஜிஸ்டர்தான்.

கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டேன்.

வெயில் இந்த வீட்டிலும் ஜன்னலுக்குள் வருகிறது. இங்கே மூன்று மணிக்குத்தான் வரும். நோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இனி எண்ணெய் வாசனை இருக்காது. நாளைக்கு மேல் எங்கே உட்கார்ந்து கனவு காண்பேன் என்று தெரியவில்லை.

மொத்தம் எழுதிய பக்கம் நாற்பத்தொன்று. எல்லாம் இருக்கிறது. படிக்கட்டும்.